கோதுமை மட்டும் ஏன் சாகவில்லை?

அத்தியாயம் 4

"டிபோர், செத்தவங்களோட சொந்தக்காரங்க யாராவது உயிரோட இருக்காங்களான்னு தேடு."

ஹலினா ப்ரோகோப்சுக் இதைச் சொன்னபோது முழங்காலிட்டு உட்கார்ந்திருந்தார். அவரைச் சுற்றிக் கண்ணுக்கு எட்டிய மட்டும் பிணங்கள். அத்தனையும் ஓட்ஸ் பயிர்.

"மேடம், போன வாரம் வரைக்கும் நாம புருஷன் பெண்டாட்டி கேஸ் பாத்துட்டிருந்தோம். அதுல சாட்சிங்க வாயத் திறந்து பொய்யாவது சொல்லும்."

"இதுங்க பொய் சொல்லாது. அதனாலதான் எனக்கு இதுங்களப் புடிக்கும். தேடு."

தேடினேன். சம்பளம் வாங்குகிறேனே, வேறென்ன செய்வது?

ஹலினா துப்பறியும் தொழிலுக்கு வருவதற்கு முன்னால் பயிர்க் காப்பீட்டில் சேத மதிப்பீட்டாளராக இருந்தவர். ஆலங்கட்டி அடித்த வயலையும், மாட்டை விட்டு மேய்த்துவிட்டு ஆலங்கட்டி என்று சாதிக்கும் வயலையும் வண்டியை விட்டு இறங்காமலே பிரித்துச் சொல்வார். அதனால் கனடாவின் சஸ்காட்சுவான் மாகாணத்தில் பாதி ஊர்கள் அவரைக் கல்யாணத்துக்குக் கூப்பிடுவதில்லை. நான் அவருடைய உதவியாளன். வண்டி ஓட்டுவேன், பிளாஸ்க்கைச் சுமப்பேன், அவர் கண்டுபிடித்த பிறகு அதை நானும் நினைத்தேன் என்று சொல்வேன்.

கேஸ் இதுதான். ஓல்ஷா ஊரில் கர்லிங் கூடத்தின் கூரை போன குளிர்காலத்துப் பனியின் கனம் தாங்காமல் உட்கார்ந்துவிட்டது. புதுக் கூரை போட ஊரே சேர்ந்து ஒரு வயலில் ஓட்ஸ் விதைத்தது. நிலம் ஒருவர், விதை ஒருவர், உரம் ஒருவர். களைமருந்து அடிக்க லோர்ன் ஹாவ்ரிலுக் வந்தார். கூலிக்கு மருந்தடிப்பதுதான் லோர்னின் தொழில். கூரைக்காக என்பதால் கூலி வேண்டாம் என்று அடித்துக் கொடுத்தார். களையும் செத்தது. கூடவே பாதி வயலும் வெளுத்துச் செத்தது.

வேண்டுமென்றே செய்தார் என்கிறது ஊர். அதற்குக் காரணமும் வைத்திருக்கிறது.

கர்லிங் என்பது பனித்தரையில் கனமான கல்லைத் தள்ளிவிட்டு, அதற்கு முன்னால் துடைப்பத்தோடு ஓடும் ஆட்டம். பெரியவர்கள் துடைப்பத்தோடு ஓடுவதைப் பார்த்துச் சிரிக்கிறவர்கள் எங்கள் குளிர்காலத்தில் ஒரு மாதம் இருந்து பார்க்கட்டும். அந்த ஆட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஓடும் கல்லில் உங்கள் துடைப்பம் பட்டுவிட்டால் நீங்களேதான் கையைத் தூக்கிச் சொல்ல வேண்டும். வேறு யாராவது பார்த்தார்களா இல்லையா என்பது பேச்சே இல்லை. இறுதி ஆட்டத்தில் கடைசிக் கல் ஓடும்போது லோர்ன் கையைத் தூக்கினார். அவர் துடைப்பம் கல்லில் பட்டதை யாருமே பார்க்கவில்லை. அந்தக் கல் செல்லாமல் போய், கோப்பை பக்கத்து ஊருக்குப் போனது.

ஓல்ஷா அணியின் தலைவி ஆலிவ் ரெம்பல் அன்றோடு லோர்னிடம் பேச்சை நிறுத்தினார். ஆலிவ் நிறுத்தினால் ஊரும் நிறுத்தியாக வேண்டும். ஒருவரும் லோர்னை வேலைக்குக் கூப்பிடுவதில்லை. கூரை வயலில் ஓசியில் வேலை செய்ய மட்டும் தடை ஏதும் சொல்லவில்லை.

இன்று சாயங்காலம் ஊர்க்கூடத்தில் கூட்டம். லோர்னின் மருந்தடிக்கும் உரிமத்தைப் பிடுங்கச் சொல்லி அரசாங்கத்துக்கு எழுதலாமா என்று ஓட்டெடுக்கப் போகிறார்கள். உரிமம் போனால் தொழில் போய்விடும், கடன் போட்டு வாங்கிய மருந்து வண்டியும் போய்விடும், அந்தக் குடும்பம் ஊரைக் காலி செய்ய வேண்டியதுதான். லோர்னின் மனைவி டார்லீன் நேற்று எங்கள் அலுவலகத்துக்கு வந்து அழுதார். அழுதுகொண்டே என் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டதால் நான் நின்றுகொண்டே கேட்டேன்.

"காட்டு ஓட்ஸ் இருக்கு மேடம்" என்று கத்தினேன். "இதுவும் செத்துப்போச்சு."

"பங்காளியும் காலியா? சந்தோஷம். இங்க வா."

ஹலினா செத்த ஓட்ஸ் ஒன்றின் நடுக்குருத்தைப் பிடித்து இழுத்தார். அது எந்த எதிர்ப்பும் இல்லாமல் வழுக்கிக்கொண்டு வந்தது. அடி அழுகிப் பழுப்பாக இருந்தது.

"வெளிய இலை கொஞ்சம் பச்சையா இருக்கு பாரு. சாவு உள்ளேருந்து வந்திருக்கு. இது எல்லாத்தையும் கொல்ற மருந்து கிடையாது. ஆள் பாத்துக் கொல்ற மருந்து. சரி, உயிரோட எதுவுமே இல்லையா?"

"இல்ல மேடம். அதோ அங்க நாலஞ்சு கோதுமைச் செடி இருக்கு. போன வருஷம் அறுக்கறப்ப சிந்தினது முளைச்சிருக்கும். அத விடுங்க."

ஹலினா எழுந்து நின்றார். முழங்கால் மண்ணைக்கூடத் தட்டவில்லை.

"விடறதா? எப்படி இருக்கு அது?"

"ஜம்முன்னு இருக்கு. பக்கத்துல இவ்வளவு பெரிய துக்கம் நடக்குது, கொஞ்சம்கூட வெக்கமில்லாம பச்சையா நிக்குது."

"டிபோர், உனக்குச் சம்பளம் ஏத்தலாமான்னு பாக்கறேன்."

"நெசமாவா?"

"பாத்தாச்சு. முடியாது." கோதுமைச் செடி ஒன்றைத் தொட்டுப் பார்த்தார். "கோதுமை வயல்ல பெரிய தொல்லை என்ன? காட்டு ஓட்ஸ். அத மட்டும் கொன்னுட்டு கோதுமையத் தொடாம விடறதுக்குன்னே தனி மருந்து இருக்கு. அந்த மருந்துக்குக் காட்டு ஓட்ஸ் எது, வீட்டு ஓட்ஸ் எதுன்னு தெரியாது. ரெண்டும் ஒரே ஜாதகம். ஆக, இந்த வயல்ல விழுந்தது கோதுமைக்காரன் மருந்து."

"பக்கத்து வயல்லேருந்து காத்துல அடிச்சிட்டு வந்திருக்கும்."

"காத்து இப்படிக் கோடு போடுமா?"

நிமிர்ந்து பார்த்தேன். வேலிக்கதவுப் பக்கத்திலிருந்து வெளுத்த பகுதி தொடங்கி, வயலின் நடுவே ஒரு நேர்கோட்டில் நின்றது. கோட்டுக்கு அந்தப் பக்கம் பச்சை ஓட்ஸ் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. அளந்து வெட்டியது போன்ற கோடு.

"கதவுகிட்ட ஆரம்பிச்சிருக்காரு. முதல் டேங்க் தீர்ந்த இடம் இது. ரெண்டாவது டேங்க் நல்ல மருந்து. பழி வாங்க வந்தவன் பாதியில மனசு மாறி, டேங்கக் கழுவி, நல்ல மருந்து கலந்து மீதிய அடிப்பானா?"

"ஆலிவ் அப்படித்தான் சொல்றாங்க. மனசாட்சி உறுத்திச்சாம்."

"மனசாட்சிக்கு அவ்வளவு நேரம் ஏது?" என்றார் ஹலினா.

சாலையோரம் ஒரு பழைய பிக்கப் வண்டி நின்றுகொண்டிருந்தது. உள்ளே எர்வின் ரெம்பல். ஆலிவின் கணவர். நாங்கள் எதையாவது பிடுங்கிக்கொண்டு போகிறோமா என்று பார்க்க ஆலிவ் அனுப்பி வைத்த காவல். மனிதர் காலையிலிருந்து அங்கேயே இருந்தார். எங்களைப் பார்த்து ஒவ்வொரு தடவையும் தொப்பியைத் தொட்டு வணக்கம் வைத்தார். உளவு பார்க்க வந்தவர் வணக்கம் வைத்து நான் பார்த்ததில்லை. பாவமாக இருந்தது.

"சாப்டீங்களா?" என்றேன்.

"இல்லப்பா. ஆலிவ் சீக்கிரமே அனுப்பிட்டா. பரவாயில்ல, நீங்க பாருங்க உங்க வேலைய."

பிளாஸ்க்கை நீட்டினேன். ஹலினா காய்ச்சிய பீட்ரூட் சூப். அதில் போடும் பூண்டுக்கு ஒரு தனி வயல் வேண்டும். ஒரு தடவை சட்டையில் பட்டுவிட்டால் சட்டையைத் தானம் செய்துவிடுவதுதான் வழி. தானம் வாங்கியவரும் திரும்பக் கொண்டுவந்து கொடுப்பார்.

"முழுசும் உங்களுக்குத்தான். பிளாஸ்க்க அப்புறம் குடுங்க."

எர்வினின் முகம் சிவந்துவிட்டது. எதிராளியின் சூப்பை வாங்கலாமா என்று கொஞ்ச நேரம் தவித்தார். பசி ஜெயித்தது.

"கூட்டத்துக்குக் கொண்டாந்து குடுத்துடறேன் தம்பி. வாங்கினத சும்மா திருப்பித் தர்ற பழக்கம் எனக்கு இல்ல."

* * *

லோர்ன் ஹாவ்ரிலுக் ஆறடிக்கு மேல் உயரம். அந்த உயரம் முழுக்கச் சோர்வு. மருந்து வண்டியின் படியில் உட்கார்ந்திருந்தார். இரண்டு பக்கமும் நீண்ட இறக்கைகளை மடக்கிக்கொண்டு அந்த வண்டி அவருக்குப் பின்னால் நின்றது.

"கழுவினேன்மா" என்றார். "கனோலா வயல்ல அடிச்சிட்டு வந்து, அம்மோனியா போட்டு, இறக்கை முனையில மூடியெல்லாம் கழட்டிக் கழுவினேன். இந்த வருஷம் எனக்குக் கிடைச்சதே அந்த ஒரு வேலைதான். டார்லீனோட சித்தப்பா வயல். அவருக்குக் காது கேக்காது, அதனால ஊர்க்கட்டுப்பாடு போய்ச் சேரல."

"கோதுமைக்கு அடிச்சீங்களா?"

"எவன் கூப்பிட்டான்? ஊர்ல கோதுமை போட்டவனெல்லாம் ஆலிவ் கட்சி."

ஹலினா என்னைத் திரும்பிப் பார்த்தார். கனோலா எண்ணெய்வித்துப் பயிருக்கு அடிக்கிற மருந்து மிச்சமிருந்தால் அது கோதுமையையும் சேர்த்துச் சாய்த்திருக்கும். நானும் அதைத்தான் நினைத்தேன் என்று முகத்தை வைத்துக்கொண்டேன்.

"கழுவின பிறகு?"

"என் தம்பி கல்யாணம். எட்மன்டன் போயிட்டோம். வந்த மறுநாள் காலைல காத்து இல்ல. சரி, கூரை வயல முடிச்சிடலாம்னு டேங்குல மருந்தக் கலந்துட்டுக் கிளம்பிட்டேன்."

"தண்ணி எப்ப ரொப்பினீங்க?"

"அது ஏற்கெனவே ரொம்பித்தான் இருந்துச்சு. டார்லீன் ரொப்பி வச்சிருந்தா."

வீட்டுப் படியில் நின்ற டார்லீன் இறங்கி வந்தார்.

"யாரு? நானா? அந்த நாத்தம் புடிச்ச வண்டிய நான் தொட்டதே கிடையாது. நீதான ரொப்பின?"

"நான் எங்கடி ரொப்பினேன்? உனக்கு நன்றி சொல்லணும்னுகூட நெனச்சேன்."

"அப்ப ஏன் சொல்லல?"

"மறந்துட்டேன்."

"கல்யாணமானதுலேருந்து மறந்துட்டுத்தான் இருக்க! அன்னைக்கு ஒரு வார்த்த நன்றின்னு சொல்லியிருந்தா, நான் இல்லன்னு சொல்லியிருப்பேன். இவ்வளவும் நடந்திருக்காது!"

டார்லீன் சொன்னது முழுக்க நியாயம். நன்றி சொல்லாத கணவர்களால் என்னென்ன நடக்கிறது என்பதற்கு நான் ஒரு பெரிய கேஸையே இப்போதுதான் பார்க்கிறேன்.

"டீசல்?" என்றார் ஹலினா.

லோர்ன் தலையைச் சொறிந்தார். "அதுவும் ரொம்பியிருந்துச்சு. அதுவும் இவதான்னு..."

"சாவி எங்க வைப்பீங்க?"

"வண்டியிலதான். வேற எங்க வைப்பாங்க?"

ஓல்ஷாவில் கேட்கக் கூடாத கேள்வி அது. சாவியை வண்டியிலேயே விட்டு வைப்பதுதான் இங்கே நாகரிகம். கையோடு எடுத்துப் போனால் அக்கம்பக்கத்தாரைத் திருடன் என்று சொன்ன மாதிரி.

ஹலினா வண்டியில் ஏறிக் கண்ணாடியைப் பார்த்தார். "வந்து பாத்தப்ப கண்ணாடி எப்படி இருந்துச்சு? பூச்சி அடிச்சு அப்பியிருக்குமே?"

"அதான் ஆச்சரியம். பளபளன்னு இருந்துச்சு. வெளியில சக்கரம்கூடக் கழுவியிருந்துச்சு. டார்லீனுக்கு என் மேல திடீர்னு பாசம் வந்துடுச்சோன்னு பயந்துட்டேன். ஆனா ரேடியோதான் கெட்டுப்போச்சு. நான் எப்பவும் ஹாக்கிப் பேச்சு கேப்பேன். சாவியத் திருப்பினா சர்ச் பாட்டு ஓடுது."

ஹலினா கீழே இறங்கினார். அவர் சிரித்தால் இடது புருவம் மட்டும் ஏறும். அது ஏறியிருந்தது.

"டிபோர், ஒருத்தன் சொல்லாம வண்டிய எடுத்துட்டுப் போறான். டீசல் ரொப்பறான், தண்ணி ரொப்பறான், கண்ணாடி தொடைக்கறான். இவனுக்கு என்ன பேரு?"

"எனக்குத் தெரிஞ்சு யாரும் இல்ல மேடம். என் மச்சான் வண்டிய வாங்கிட்டுப் போனா கதவு இல்லாமத்தான் திரும்பி வரும்."

"நல்லவன்னு பேரு. ரொம்ப ரொம்ப நல்லவன். ஊர்ல அப்படி யாரு?"

லோர்னும் டார்லீனும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒரு பெயரும் வரவில்லை. ஊர் அவர்களை நடத்திய விதத்தில் நல்லவர் என்று யாரைச் சொல்வார்கள்?

* * *

ஊர்க்கூடத்தில் ஓல்ஷாவே உட்கார்ந்திருந்தது. மேடையில் மேசை. மேசைக்குப் பின்னால் ஆலிவ் ரெம்பல். குட்டையான பெண்மணி. பனித்தரையில் கல்லை நிறுத்துகிற மாதிரி பேச்சையும் நினைத்த இடத்தில் நிறுத்துவார். லோர்ன் பின்வரிசையில், கதவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அவருக்கு இரண்டு பக்கமும் நாற்காலிகள் காலியாக இருந்தன. டார்லீன் வந்து ஒன்றில் உட்கார்ந்தார். இன்னொன்று காலியாகவே இருந்தது.

ஹலினா தன் வாதத்தை வைத்தார். கோதுமை பிழைத்தது, ஓட்ஸ் செத்தது. கோதுமைக்கான மருந்து அந்த டேங்கில் இருந்திருக்கிறது. லோர்னுக்கோ இந்த வருஷம் கோதுமை வேலையே கிடையாது.

"ஏன் கிடையாதுன்னா, நீங்கதான் குடுக்கல" என்றார். "உங்க ஊர்க்கட்டுப்பாடுதான் இவருக்கு முதல் சாட்சி."

சபையில் முணுமுணுப்பு. ஆலிவ் மேசையைத் தட்டினார்.

"கடையில போய் ஒரு கேன் வாங்கத் தெரியாதா அவருக்கு? பழி வாங்கறவன் வேலை கிடைக்கட்டும்னு காத்திருப்பானா?"

"அவர் வரும்போதே டேங்க்ல தண்ணி ரொம்பியிருந்துச்சு, டீசல் ரொம்பியிருந்துச்சு, கண்ணாடி தொடைச்சிருந்துச்சு. வேற யாரோ வண்டிய எடுத்திருக்காங்க."

"அவர் சொல்றாரு."

"யாரும் பாக்காதப்பவே கையத் தூக்கினவர் சொல்றாரு."

இது ஆலிவின் மேல் சரியாகப் போய் விழுந்தது. முகம் கடுகடுவென்று ஆனது. "அந்தப் பேச்ச இங்க எடுக்காதீங்க. அன்னைக்குக் கோப்பை போச்சு, இன்னைக்குக் கூரை போச்சு. ரெண்டும் ஒரே ஆளு கையால. ஓட்டுக்கு விடறேன்."

நாங்கள் தோற்றுக்கொண்டிருந்தோம். அது எனக்கு நன்றாகவே தெரிந்தது. பின்னால் டார்லீன் கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இந்த ஊரில் இனி அந்த அம்மாள் எந்தக் கடைக்குப் போவார், அவர்கள் பெண் எந்தப் பள்ளிக்கூடத்தில் யாரோடு பேசும் என்று நினைத்தபோது எனக்கு ஒரு நக்கலும் தோன்றவில்லை. எனக்கு அப்படி ஆவது அபூர்வம்.

அப்போது யாரோ என் தோளைத் தொட்டார்கள். எர்வின்.

"தம்பி, உங்க பிளாஸ்க்" என்றார் மெதுவாக. "ரொம்ப நன்றி. சூப்பு பிரமாதம்."

வாங்கினேன். என் பிளாஸ்க்தானா என்று சந்தேகமாக இருந்தது. ஒடுக்கு விழுந்த இடம் அப்படியே இருந்தது, ஆனால் மற்ற இடமெல்லாம் முகம் பார்க்கலாம். மூடியைக்கூடத் தேய்த்திருந்தார். கை கனத்தது.

"காலியா எப்படிக் குடுக்கறதுன்னு காபி போட்டேன்" என்று சொல்லிவிட்டு அவர் தன் இடத்துக்குப் போனார்.

மனம் சோர்ந்தால் காபி குடிக்க வேண்டும் என்பது என் கொள்கை. மூடியில் ஊற்றினேன். காபி லேசாக ரோஸ் நிறத்தில் இருந்தது. மேலே சிவப்பாக எண்ணெய்க் கண்கள் மிதந்தன. ஒரு வாய் குடித்தேன். விழுங்குவதா துப்புவதா என்று முடிவெடுக்க முடியாமல் கன்னத்தில் அடக்கி வைத்துக்கொண்டு, ஹலினாவின் காதருகே குனிந்து ஒருவழியாக விழுங்கினேன்.

"மேடம், இது காபியும் இல்ல சூப்பும் இல்ல. பூண்டு போட்ட காபி. அந்தாளு பிளாஸ்க்கக் கழுவாமலே..."

நிறுத்தினேன். ஹலினாவின் இடது புருவம் ஏறிக்கொண்டிருந்தது.

இந்தத் தடவை நிஜமாகவே நானும் அதை நினைத்தேன். அதே நொடியில். யாரும் நம்பப் போவதில்லை.

ஹலினா என் கையிலிருந்து பிளாஸ்க்கைப் பிடுங்கினார். மேடையில் ஏறினார். ஒரு கோப்பையில் காபியை ஊற்றி ஆலிவின் முன்னால் வைத்தார்.

"ஓட்டெடுக்கறதுக்கு முன்னாடி தொண்டைய நனைச்சுக்கங்க. ரொம்ப நேரமாப் பேசறீங்க."

"எனக்கு லஞ்சமா?"

"உங்க வீட்டுக் காபிதான்."

ஆலிவ் வெற்றி பெறுகிறவர்களின் தாராளத்தோடு எடுத்து ஒரு பெரிய வாய் குடித்தார். அடுத்த நொடி அது முன்வரிசையில் தெறித்தது.

"எர்வின்!"

கூடமே அதிர்ந்தது. எர்வின் நாற்காலியில் பாதியாகச் சுருங்கினார்.

"எத்தன தடவ சொல்லியிருக்கேன் உங்களுக்கு! கழுவிட்டு ஊத்துங்க, கழுவிட்டு ஊத்துங்கன்னு! போன கிறிஸ்துமஸுக்கு மீன் ஊறுகாய் ஜாடியில ஜாமப் போட்டுக் குடுத்து மானத்த வாங்கினது போதாதா? யார்கிட்ட எது வாங்கினாலும் காலியாத் திருப்பித் தர மாட்டாரு இவரு. ரொம்பி வழியணும். வெளிய மட்டும் தேய் தேய்னு தேய்ச்சு மினுக்குவாரு. உள்ள பழசு என்ன இருக்கு ஏது இருக்குன்னு பாக்கறதே கிடையாது, அது மேலயே..."

ஆலிவின் பேச்சு அங்கே நின்றது.

தண்ணீர் நிறைந்த டேங்க். டீசல் நிறைந்த வண்டி. துடைத்த கண்ணாடி. இவை எல்லாவற்றையும் ஹலினா சற்று முன்னால்தான் அந்தச் சபையில் சொல்லியிருந்தார். ஆலிவின் வாய் திறந்தபடி இருந்தது. முன்வரிசையில் காபி தெறித்தவர்கள்கூடத் துடைத்துக்கொள்ளவில்லை.

"ஏங்க" என்றார் ஆலிவ். குரல் அவருடையது மாதிரியே இல்லை. "நம்ம கோதுமைக்கு மருந்து... நம்ம வண்டியிலதான அடிச்சீங்க?"

எர்வின் எழுந்து நின்றார். வலது கையை மெல்ல மேலே தூக்கினார்.

"இருங்க, இன்னும் ஓட்டுக்கு விடல" என்று யாரோ ஒரு மந்தமானவர் சொன்னார். பக்கத்தில் இருந்தவர் அவரை முழங்கையால் இடித்தார். அந்தக் கூடத்தில் இருந்த எல்லோரும் கர்லிங் ஆடுகிறவர்கள். அது ஓட்டுப் போடத் தூக்கிய கை இல்லை என்று மந்தமானவரைத் தவிர எல்லோருக்கும் தெரிந்தது.

"நம்ம வண்டி பம்ப் உடைஞ்சுபோச்சு" என்றார் எர்வின். "கோதுமை வளந்துட்டே போகுது, மருந்தடிக்கிற பருவம் தாண்டப் போகுது. அன்னைக்குத்தான் காத்து நின்னுச்சு. லோர்ன் ஊர்ல இல்ல. வண்டியில சாவி இருந்துச்சு. டேங்க் தீந்து பம்ப் காத்து உறிஞ்சற வரைக்கும் அடிச்சேன், காலின்னு நெனச்சேன். அடியிலயும் குழாயிலயும் மிச்சம் தங்கும்னு தோணல. சொல்லாம எடுத்தது உறுத்திச்சு. சும்மா கொண்டுபோய் விட மனசு வரல. அதான் டீசல் போட்டேன். தண்ணி ரொப்பினேன்."

"கேட்டிருக்கலாமே! ஒரு போன் போட்டுக் கேட்டிருந்தா அந்த மனுஷன் இல்லன்னா சொல்லியிருப்பாரு?" ஆலிவ் கத்தினார்.

"பேசக் கூடாதுன்னு நீதான ஆலிவ் சொன்ன."

ஆலிவ் உட்கார்ந்துவிட்டார்.

"ஓட்ஸ் வெளுத்தப்பவே எனக்குப் புரிஞ்சுபோச்சு" என்றார் எர்வின். "தினம் காலைல சொல்லணும்னு நெனப்பேன். நீ அதுக்குள்ள போன்ல நாலு பேர்கிட்ட லோர்னத் திட்டிட்டு இருப்ப. ஒவ்வொரு நாளும் கஷ்டமாயிட்டே போச்சு. தப்பு என்னோடதுதான்."

எல்லோரும் பின்வரிசையைப் பார்த்தார்கள். லோர்ன் எழுந்தார். அந்த ஆறடிக்கும் மேலான உடம்பு மேடைப் பக்கம் வந்தபோது முன்வரிசையில் இரண்டு பேர் நாற்காலியை நகர்த்திக்கொண்டார்கள். நானும் ஹலினாவுக்குப் பின்னால் நகர்ந்தேன். அவர் என் மேலதிகாரி, அவர்தான் முன்னால் இருக்க வேண்டும்.

"என் பொண்ணு பொறந்தநாளுக்கு ஒரு குழந்தைகூட வரல" என்றார் லோர்ன். "அந்தக் கேக்கு முழுசும் நானும் டார்லீனும்தான் தின்னோம். அத யாராவது ரொப்பித் தருவீங்களா?"



லோர்ன் மேசையிலிருந்த பிளாஸ்க்கை எடுத்தார். எர்வினின் தலையில் போடப்போகிறார் என்றுதான் நினைத்தேன். எடுத்துக்கொண்டு கூடத்தின் ஓரத்தில் இருந்த சமையல் மேடைக்குப் போனார். குழாயைத் திறந்தார். தண்ணீர் விட்டு, மூடி, குலுக்கி, கொட்டினார். மறுபடி விட்டு, குலுக்கி, கொட்டினார். மூன்றாவது தடவையும் அப்படியே. மருந்துக் கேனைக் கழுவுகிற முறை அது. இந்த ஊரில் பயிர் வைத்த அத்தனை பேரும் படித்து, பரீட்சை எழுதி, பிறகு அவசரத்தில் விட்டுவிடுகிற முறை. கடைசியில் வாயைத் தலைகீழாகக் கவிழ்த்து, முகர்ந்து பார்த்தார். கூட்டத்துக்குப் போட்டு வைத்திருந்த காபியை அதில் நிரப்பினார்.

திரும்பி வந்து எர்வினுக்கு முன்னால் வைத்தார்.

"இப்படித்தான்" என்றார். "அடுத்த தடவ கேட்டுட்டு எடுங்க. நான் கழுவிக் குடுக்கறேன். ரேடியோவ மட்டும் தொடாதீங்க."

எர்வினின் கை இன்னும் மேலேயே இருந்தது. அழுதுகொண்டிருந்தார். ஹலினா என் காதில், "பிளாஸ்க்கத் திருப்பி வாங்க மறந்துடாத" என்றார். அவர் கண்ணும் ஈரமாகத்தான் இருந்தது, பூண்டு என்று சொல்லிக்கொள்வார்.

மேடையில் ஒரு நாற்காலி நகரும் சத்தம். ஆலிவ் எழுந்து நின்றிருந்தார். அவர் லோர்னைப் பார்க்கவில்லை, டார்லீனைத்தான் பார்த்தார். பிறகு, உலகத்திலேயே கனமான கல்லைத் தூக்குகிறவர் மாதிரி, தன் வலது கையை மேலே தூக்கினார். எந்தக் கல்லில் எப்போது பட்டது என்று அவர் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

லோர்ன் அந்த இரண்டு கைகளையும் பார்த்தார்.

"சரி சரி, ரெண்டு பேரும் கைய இறக்குங்க" என்றார். "காபி ஆறுது."